ஊசி போட்ட இடத்தைச் சொன்ன நாள்

ரத்தம் உறைவதைக் கண்ணால் பார்த்தவர்கள் இனி அதிகம் இருக்க மாட்டார்கள். நான் பார்த்திருக்கிறேன். முப்பத்து மூன்று வருடம் அதுதான் என் வேலை.

போன மாதம் திவ்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு காஞ்சிபுரத்தில் எங்கள் ஆஸ்பத்திரி லேபுக்கு வந்தவள்.

"அக்கா, நம்ம பிள்ளைங்க வார்டுல ஒரு பாப்பாவுக்குக் கால்ல ரத்தக்கட்டி. கரைக்கிற மருந்து போட்டாங்க. நான் சாம்பிள மெஷின்ல வெச்சேன், கொஞ்ச நேரத்துல நம்பர் வந்துடுச்சு. மெஷின் வர்றதுக்கு முன்னாடி இதெல்லாம் எப்படிக்கா பண்ணீங்க?"

கையால்தான் பண்ணினோம் என்று சொல்லி, முறையை எல்லாம் விளக்கினேன். அவள் "அய்யோ, அய்யோ" என்று கேட்டுக்கொண்டாள். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. முறையைச் சொன்னேனே தவிர, அந்த முறை எனக்கு எந்தக் குழந்தையோடு சேர்த்து நினைவிருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் பெயர் ஸ்டெல்லா. அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். செங்கல்பட்டில் தங்கி லேப் டெக்னீஷியன் படிப்பு படித்தேன். எங்கள் தெருவில் டிப்ளமோ வாங்கிய முதல் பெண் நான்தான். படிப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நான் வேலை கற்றுக்கொண்டது எங்கள் லேபில்தான்.

அது தாழ்வாரத்தின் கடைசியில் ஓர் அறை. ஒரு ஜன்னல். ஒரு மைக்ராஸ்கோப், ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ், முப்பத்தேழு டிகிரியில் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும் ஒரு தண்ணீர்த் தொட்டி. மார்கழி காலையில் ஆளாளுக்கு வந்து அந்தத் தொட்டிமேல் கையைக் காட்டிக் குளிர்காய்வார்கள். வைகாசியில் கருட சேவை அன்று சின்ன காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து எந்த வண்டியும் வராது. கூட்டத்தில் நீந்தித்தான் வேலைக்கு வருவோம். புடவை கசங்கி, செருப்பு ஒன்று தொலைந்து, நெற்றியில் யாரோ இட்ட திருமண்ணோடு சர்ச்சுக்குப் போகிற நான் வந்து நிற்க, எல்லோரும் சிரித்தது இன்றும் காதில் இருக்கிறது.

டாக்டர் இந்திராணி எங்கள் குழந்தை மருத்துவர். ரிப்போர்ட் வரட்டும் என்று வார்டில் உட்கார்ந்திருக்க மாட்டார். லேப் வாசலுக்கு அவரே வருவார். வீட்டுக்குள் நுழைவதுபோல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார். நான் சேர்ந்த முதல் வாரம், ஒரு குழந்தையின் ரத்தம் நார்மல் என்று சொன்னேன்.

"நார்மல்னு சொல்லாதீங்க ஸ்டெல்லா. எவ்வளவுன்னு சொல்லுங்க. நார்மலா இல்லையான்னு பார்க்கறது என் வேலை."

எண்ணைச் சொன்னேன். அவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"நான் திருப்பிச் சொன்னது சரின்னா, ஆமான்னு சொல்லணும். அதுக்கப்புறந்தான் நான் போவேன்."

அன்று முதல் அவர் இருந்தவரை இதுதான் வழக்கம். நான் எண் சொல்வேன், அவர் திருப்பிச் சொல்வார், நான் ஆமாம் என்பேன். கூட்டிப் பெருக்கும் அம்மாவிலிருந்து எல்லோருக்கும் அவரிடமிருந்து வாங்க, போங்கதான். கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதைதான் ஏறும். அவர் "தயவுசெய்து" என்று ஆரம்பித்தால் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

ரத்தம் உறையும் நேரத்தை அப்போது இப்படித்தான் பார்ப்போம். ரத்தத்தைச் சுழற்றினால் மேலே வைக்கோல் நிறத்தில் ஒரு நீர் தெளியும். அதைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, தொட்டியில் வைத்துச் சூடாக்கி, உறையவைக்கும் மருந்தைச் சேர்த்து, அதே நொடியில் ஸ்டாப்வாட்ச்சை அழுத்த வேண்டும். பிறகு குழாயை வெளிச்சத்தில் மெல்லச் சாய்ப்பதும் நிமிர்த்துவதுமாக இருக்க வேண்டும். தண்ணீராக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று உள்ளே ஒரு மெல்லிய இழை தெரியும். அந்தக் கணத்தில் வாட்ச்சை நிறுத்த வேண்டும். ஒரு நொடி அசந்தாலும் எண் மாறிவிடும். அந்த நொடிகளை, நாங்களே கோடு போட்டு வைத்திருந்த கிராஃப் தாளில் வைத்துப் பார்த்தால், உறைவதற்கான சத்து ரத்தத்தில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தெரியும். ஃபைப்ரினோஜன் என்று அதற்குப் பெயர்.

நான் சேர்ந்த சில வருடங்களில் முசரவாக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். ஏழு வயது. சிறுநீரில் புரதம் போய், உடம்பெல்லாம் நீர் கோத்து வீங்கும் நோய். அந்த நோய் வந்த பிள்ளைகளுக்கு ரத்தம் எளிதில் கட்டிக்கொள்ளும். அவனுக்குக் காலில் கட்டிவிட்டது. சென்னைக்கு அனுப்பினோம். முழங்காலுக்குக் கீழே இல்லாமல் திரும்பி வந்தான். அவன் அப்பா டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டு, "புள்ள உயிரோட இருக்குதும்மா, அது போதும்" என்றார். அன்று மத்தியானம் டாக்டர் இந்திராணியின் சாப்பாட்டு டப்பா திறக்காமலே திரும்பிப் போனது.

அதன் பிறகு அவர் படித்தார், சென்னைக்கு எழுதினார், போனில் கேட்டார். மாரடைப்பு வந்த பெரியவர்களுக்குக் கட்டியைக் கரைக்கப் போடும் மருந்து எங்கள் ஆஸ்பத்திரியிலேயே இருந்தது. அதைக் குழந்தையின் எடைக்குத் தகுந்தபடி எப்படிப் போடுவது, என்னென்ன பார்ப்பது, எப்போது நிறுத்துவது என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வார்டு சுவரில் ஒட்டினார். எங்களை உட்காரவைத்து விளக்கினார்.

"இந்த மருந்துக்கு நல்ல கட்டி, கெட்ட கட்டின்னு தெரியாது. கால்ல இருக்கற கட்டியையும் கரைக்கும், நேத்து ஊசி குத்துன ஓட்டைய அடைச்சிக்கிட்டு இருக்கறதையும் கரைக்கும். அதனால எங்கெல்லாம் ஓட்டை இருக்குன்னு நமக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்."

கூடவே இன்னொரு விதி. நீர் கோத்து வீங்கிய பிள்ளைகளுக்குத் தொடை இடுக்கில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கக் கூடாது. அங்கே இருக்கும் பெரிய ரத்தக்குழாயில் கட்டி விழ அதுவே காரணமாகலாம். படித்துப் பார்த்தோம் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். என் கையெழுத்து மூன்றாவது.

பவித்ரா வந்தது அதற்கு இரண்டு மூன்று வருடம் கழித்து. ஐந்து வயது, பக்கத்திலிருக்கும் ஓரிக்கை ஊர்ப் பெண். அதே நீர் வீக்கம். கண் திறக்க முடியாத அளவு முகம் உப்பியிருந்தது. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுபவர், அதிகம் பேச மாட்டார். அம்மா செல்வி அவருக்கும் சேர்த்துப் பேசுவாள். எந்த மாத்திரை, எதற்கு, எத்தனை வேளை என்று கேட்காமல் விடமாட்டாள்.

திங்கட்கிழமை காலை ரத்தம் எடுக்கப் போனேன். வீங்கிய கையில் நரம்பு கிடைக்கவில்லை. வலது கையில் இரண்டு முறை, இடது கையில் ஒரு முறை குத்தினேன். குழந்தை வீறிட்டது. செல்வியும் அழுதாள்.

"போதும்மா. கொழந்த தாங்கலமா. வுட்டுடும்மா."

வெளியே இன்னும் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். நர்ஸ் அந்தப் பக்கம் இல்லை. வலது தொடை இடுக்கில் விரல் வைத்தேன், துடிப்பு கிடைத்தது. அதன் பக்கத்தில் குத்தினேன். ஒரே முறையில் ரத்தம் வந்தது. பஞ்சை வைத்து அழுத்தினேன், ஆனால் போதுமான நேரம் அழுத்தவில்லை. செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புண்ணியமா போவும்மா, ஒரே குத்துல எடுத்துட்ட" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் செல்விதான் முதலில் கண்டுபிடித்தாள். "காலு சில்லுனு இருக்குது. இந்தக் காலு மட்டும். தொட்டுப் பாருங்களேன்" என்று வார்டில் ஒவ்வொருவராகப் பிடித்து இழுத்திருக்கிறாள். வலது கால். பாதத்தில் துடிப்பு இல்லை. ரத்தம் மேலும் கட்டாமல் இருக்க ஊசி மருந்தை உடனே ஆரம்பித்தார்கள்.

செய்தி லேபுக்கு வந்தபோது திங்கட்கிழமை குத்திய இடம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. ஆனால் உடனே மனம் ஒரு சாக்கைத் தேடிக் கொடுத்தது. இந்த நோய்க்கு ரத்தம் தானாகவே கட்டும். முசரவாக்கத்துப் பையனுக்கு யார் குத்தினார்கள்? அந்தச் சாக்கைப் பிடித்துக்கொண்டு அன்று வீட்டுக்குப் போனேன்.

புதன் காலை காலின் நிறம் மாறியிருந்தது. விரல்கள் சாம்பல் பூத்துக் கிடந்தன. டாக்டர் இந்திராணி சென்னையில் ரத்தக்குழாய் நிபுணர் ஒருவரிடம் போனில் பேசினார். இவ்வளவு சிறிய குழாயில் அறுவை செய்வது கஷ்டம், இங்கே கொண்டுவருவதற்குள் நேரம் போய்விடும், மருந்து கையில் இருந்தால் அங்கேயே தொடங்குங்கள் என்றார் அவர். தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தக்கசிவு இல்லை. மருந்து ஓடும்போது புதிதாக எங்கும் குத்தக் கூடாது என்பதால் ரத்தம் எடுப்பதற்கென்று கையில் தனியாக ஒரு ஊசிக்குழாயை முன்கூட்டியே பொருத்தினார்கள்.

தொடங்கும் முன் எடுக்க வேண்டிய ரத்தத்துக்காக நான் கட்டிலருகே நின்றிருந்தேன். டாக்டர் சுவரில் இருந்த தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்கேயாவது விழுந்தாளா? ஆபரேஷன் ஏதாவது? கடைசி மூன்று நாளில் ஊசி எங்கெல்லாம் போட்டது?

"ரெண்டு கையிலயும் டாக்டர்" என்றார் நர்ஸ் பத்மா. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

டாக்டர் எழுதிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. ரத்தத்தை வாங்கிக்கொண்டு லேபுக்கு நடந்தேன்.

தொட்டியில் குழாயை வைத்தேன். உறையவைக்கும் மருந்தைச் சேர்த்தேன், வாட்ச்சை அழுத்தினேன், சாய்த்தேன், நிமிர்த்தினேன். இழை தெரிந்தது. இன்னும் சிறிது நேரத்தில் இந்த இழை விழவே கூடாது என்றுதான் மருந்து போடப்போகிறார்கள். அப்போது அந்தத் தொடை இடுக்கில் நான் போட்ட ஓட்டை திறக்கும். போர்வைக்கு அடியில் யாரும் பார்க்காத இடம். உள்ளுக்குள்ளேயே கசிந்தால் வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது.

எண்ணைத் தாளில் எழுதிவிட்டு ஓடினேன். மருந்தைச் செலுத்தும் பம்பில் அதை நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

"டாக்டர், திங்கட்கிழமை நான் தொடை இடுக்குல குத்துனேன். வலது பக்கம்."

அவர் பேனாவை மூடினார்.

"தயவுசெய்து இப்படி வாங்க. எத்தனை தடவை குத்துனீங்க?"

"ஒரு தடவ."

"எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிச்சீங்க?"

"ரெண்டு நிமிஷம்கூட இருக்காது."

"வலது பக்கம், ஒரு தடவை, ரெண்டு நிமிஷத்துக்குக் குறைவு."

நான் ஆமாம் என்றேன். அவர் பேனாவைத் திறந்து எழுதினார். பிறகு தாழ்ந்த குரலில் பேசினார். "கட்டி நோயால வந்ததா, ஊசியால வந்ததான்னு யாராலயும் சொல்ல முடியாது. அதை அப்புறம் பேசலாம். இப்ப ஓட்டை எங்கேன்னு தெரிஞ்சிடுச்சு. பத்மா, உருட்டித் துணி வெச்சு நீங்க அங்க அழுத்திக்கிட்டே இருக்கணும், கைய எடுக்கக் கூடாது. ரத்தம் கசிஞ்சா ஏத்தறதுக்குப் பிளாஸ்மா ரெண்டு பை வாங்கி வைக்கச் சொல்லுங்க." என்னைப் பார்த்தார். "அவங்க அம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. மருந்து ஏத்தறதுக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரியணும்."

செல்வி வாசலில் நின்றிருந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"செல்வி, அன்னைக்குத் தொடையில ஊசி போட்டேனே, அங்க போட்டிருக்கக் கூடாது. இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு வேணாம்னு எழுதியே ஒட்டியிருக்குது. அதனாலகூடக் கட்டி வந்திருக்கலாம். இப்ப மருந்து போட்டா அங்க ரத்தம் கசியலாம்."

"தெரிஞ்சேதான் போட்டியா?"

"தெரிஞ்சேதான்."

"நான் அழுதனே, அதாலயா?"

"இல்லமா. அவசரப்பட்டது நான்."

அவள் முகம் இறுகியது. அடித்துவிடுவாள் என்றே நினைத்தேன், அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். "எங்கிட்ட ஏன் நின்னுக்கினு இருக்கற? போ. போயி அந்த டெஸ்ட்ட ஒழுங்கா பண்ணு" என்றாள்.

பதினோரு மணிவாக்கில் மருந்து ஓடத் தொடங்கியது. ஆறு மணி நேரம். இடையிடையே ரத்தம் எடுத்து நான் எண் சொல்ல வேண்டும். இதில் ஒரு சிக்கல். எடுத்த ரத்தத்துக்குள்ளும் அந்த மருந்து இருக்கும். குழாயிலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அப்படியே வைத்தால் எண் பொய்யாகக் குறைந்துவிடும். அதனால் எடுத்த உடனே ஐஸில் புதைத்துக் கொண்டுபோக வேண்டும். அன்றைக்கென்று பார்த்து எங்கள் பிரிட்ஜில் ஐஸ் இல்லை. பவித்ராவின் அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பஸ் ஸ்டாண்டு கரும்புச்சாறு கடையிலிருந்து ஒரு பாளம் ஐஸைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து, லேப் வாசலில் உட்கார்ந்து கருங்கல்லால் உடைத்துக் கொடுத்தார். நான் யார், என்ன செய்தேன் என்று அவருக்கு அதற்குள் தெரிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் டம்ளரை நிரப்பி என் கையில் கொடுத்தார்.

முதல் எண் நல்லபடியாக இருந்தது. ஆனால் காலில் மாற்றமில்லை.

இரண்டு மணி தாண்டி நர்ஸ் பத்மா குரல் கொடுத்தார். அவர் விரலுக்கடியில் ஏதோ உப்பிக்கொண்டு வருவதுபோல் இருக்கிறது என்றார். நான் குத்திய இடம்தான். ஒரு எலுமிச்சம்பழ அளவு. டாக்டர் பம்பை நிறுத்தினார். பத்மாவை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, தானே மண்டியிட்டு அந்த இடத்தை அழுத்திக்கொண்டார்.

"ஸ்டெல்லா, எண் வேணும். நூறுக்குக் கீழ இருந்தா இதோட விட்டுடறேன். மேல இருந்தா தொடர்றேன்."

விட்டுவிடுவது என்றால் காலை விட்டுவிடுவது.

ஐஸ் டம்ளரோடு ஓடினேன். சுழற்றி, பிரித்து, தொட்டியில் வைத்துச் சாய்த்தேன். ஓடியது. மறுபடி சாய்த்தேன். ஓடியது. வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது. இழை தெரிந்தபோது அது நிஜமா, என் ஆசையா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்கு என் கண்ணை நானே நம்பவில்லை. இன்னொரு குழாய் வைத்தேன். இரண்டுக்கும் ஒரு நொடிதான் வித்தியாசம். கிராஃப் தாளில் விரலை வைத்துக் கோட்டைப் பிடித்தேன்.

"நூத்தி முப்பது டாக்டர். ரெண்டு குழாய்ல பார்த்தேன்."

மண்டியிட்டபடியே நிமிர்ந்தார். "நூத்தி முப்பது."

"ஆமாம் டாக்டர்."

அளவைக் குறைத்து மருந்தை மறுபடி ஓடவிட்டார். வீக்கம் மேலும் பெரிதாகவில்லை. அவர் அந்த இடத்தைவிட்டு எழவும் இல்லை. முழங்கால் வலிக்கிறது என்று ஒரு தலையணையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நாலரை இருக்கும். மருந்து ஓடத் தொடங்கியதிலிருந்து செல்வி குழந்தையின் பாதத்தைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். "சுடுது" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. "டாக்டரம்மா, சுடுதும்மா! எங்கையி இல்லமா, காலுதான் சுடுது!"

டாக்டர் ரத்த ஓட்டத்தைக் கேட்கும் கருவியைப் பாதத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு அதற்குள்ளிருந்து விட்டு விட்டு ஒரு சத்தம், மெலிதாக, சீராக. விரல்களில் சாம்பல் நிறம் போய்ச் சிவப்பு ஏறுவதை நான் நின்று பார்த்தேன். பவித்ரா கண்ணைத் திறந்து, "கால எறும்பு கடிக்குது" என்று அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையைக் கேட்டு அவள் அப்பா வராந்தாவில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

எல்லாம் முழுதாகத் திரும்பியது என்று சொல்ல முடியாது. சுண்டுவிரலின் நுனி கறுத்து, சில வாரங்களில் உதிர்ந்தது. கால் பிழைத்தது.

டாக்டர் நடந்ததை நடந்தபடி எழுதி மேலே அனுப்பினார். ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எனக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்பினார். குழந்தைகளிடம் ரத்தம் எடுக்கும் வேலையிலிருந்து என்னை எடுத்தார்கள். லேபுக்குள்ளேயே குழாய்களோடு இருந்தேன். அந்த நாட்களிலும் அவர் வழக்கம்போல் செருப்பைக் கழற்றிவிட்டு வருவார், எண் கேட்பார், திருப்பிச் சொல்வார். ஒருமுறை போகும்போது வாசலில் நின்றார். "அன்னைக்கு நீங்க திரும்பி வந்து சொல்லலைன்னா, அந்த வீக்கத்தைப் போர்வைக்குக் கீழ நான் பார்த்திருக்க மாட்டேன். இதையும் ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன். படிச்சுக் காட்டினப்போ நீங்க அழுதுகிட்டு இருந்தீங்க, கேட்டிருக்க மாட்டீங்க."

உண்மைதான். கேட்கவில்லை.

ஆறு மாதம் போயிருக்கும். பவித்ராவை மறுபரிசோதனைக்குக் கூட்டி வந்திருந்தார்கள். ரத்தம் எடுக்க வேண்டும். அதற்கு வந்த புதிய லேப் பையனைக் கண்டதுமே செல்வி குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாளாம். டாக்டர் இந்திராணி அவளை அழைத்துக்கொண்டு நேராக லேபுக்கு வந்துவிட்டார். நான் குழாய் கழுவிக்கொண்டிருந்தேன்.

"இவங்க உங்களைத்தான் கேக்கறாங்க" என்றார் டாக்டர். "நான் எடுத்துச் சொல்லிப் பார்த்துட்டேன்."

கழுவிய குழாயைக் கீழே வைத்தேன். "நானா? வேணாம் செல்வி, அந்தத் தம்பி நல்லா எடுப்பான்."

செல்வி குழந்தையை ஸ்டூலில் உட்காரவைத்து, அதன் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டாள்.

"எங்க குத்தக் கூடாதுன்னு இந்த அம்மாவுக்கு நல்லா தெரியும். இதே எடுக்கட்டும்."

வீக்கம் வடிந்திருந்த அந்தக் கையில் நரம்பு பச்சையாகத் தெரிந்தது. ஒரே முறையில் கிடைத்தது. எடுத்து முடித்துப் பஞ்சை வைத்து அழுத்தினேன். போதும் என்று டாக்டர் சொன்ன பிறகும், போதும் என்று பவித்ராவே சிணுங்கிய பிறகும், நான் விரலை எடுக்கவில்லை.